ஜனவரி முடியும் வரை

எனக்கு மணம் தெரியாது. இருபத்தெட்டு வருடம் பெற்றோல் செட்டில் நின்றவனுக்கு மூக்கு முகத்தில் அழகுக்குத்தான். என் முகத்தில் அதற்கும் உதவவில்லை. அதனால்தான் மாட்டுப்பண்ணை சரிப்பட்டது. பொலிஸ் நிலையத்தில் மொழிபெயர்க்க வந்த பிள்ளை மஹதி, நடந்ததைத் தமிழிலேயே எழுதித் தரச் சொன்னார். எழுதுகிறேன்.

டிஸ்ட்ரிக்ட் லைன் முடிகிற அப்மின்ஸ்டருக்கு அப்பால், லண்டன் தான் லண்டன் என்பதை மறந்துபோகும் இடத்தில், நானும் என் மனைவி தவமலரின் அண்ணன் ஞானேஸ்வரனும் ஏழு மாடு வைத்திருந்தோம். விம்பிள்டன் பக்கத்துக் கோயிலொன்றுக்கு அபிஷேகப் பால் எங்களுடையது. மாடு என் பொறுப்பு, கடுதாசி அவர் பொறுப்பு.

கடுதாசியில் ஒரு சட்டம் இருந்தது; மச்சான் அதை எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுவார். சாணியும் மூத்திரமும் கொட்டில் கழுவிய தண்ணீரும் சேர்ந்த கூழை, ஒக்ரோபர் நடுவிலிருந்து ஜனவரி முடியும் வரை புல்வெளியில் தெளிக்கக்கூடாது. குளிரில் புல் அதைக் குடிக்காது; மழை கழுவி ஓடையில் சேர்த்துவிடும். மற்ற மாதங்களிலும் ஓடையிலிருந்து பத்து மீற்றர் தள்ளித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. வாசலுக்குத் தெளித்து வீட்டைச் சுத்தம் பண்ணுகிற சாமானை இவர்கள் நஞ்சு என்கிறார்கள்.

டிசம்பரில் அந்தக் கூழ், அதைச் சேர்த்துவைக்கும் நிலத்தாங்கியின் விளிம்பு வரை வந்துவிட்டது. மாட்டுப் பொங்கலுக்குக் கோயில் சனம் இரண்டு பஸ்ஸில் வரப்போகிறது. ஒரு மழைநாளில், ஞானேஸ்வரன் டூட்டிங்குக்குச் சாமான் வாங்கப் போயிருந்தபோது, கொஞ்சத்தை ஓடைக்கரையில் இறக்கினேன்.

மூன்றாம் நாள் காலை அவர் ஒரு வாளியோடு வந்தார். உள்ளே மீன்கள், வெள்ளை வயிறு மேலே.

"என்ன மச்சான், குழம்புக்கோ?"

"நீ செய்த வேலையைப் பார். நான் இப்பவே அறிவிக்கப் போறன்."

"அறிவிச்சால் பண்ணையை மூடிப்போடுவாங்கள். மாடுகள் எங்க போகும்?"

"இறைச்சிக்கடைக்கெண்டாலும் போகட்டும். உனக்குப் பகிடி விடத்தான் ஏலும், பாலா. மாடு வளர்க்க ஏலாது."

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் ஏழு மாடுகளும் கேட்டுக்கொண்டு நின்றன. இறைச்சிக்கடைக் கதையை அதுகளின் முன்னால் பேசியது எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு இளகிய மனம்.

அவர் தாங்கி விளிம்புக்குப் போய்ப் போனை எடுத்தார்; அங்கேதான் சிக்னல் கிடைக்கும். சாணி அள்ளும் சவளால் பின்தலையில் அடித்தேன். சிதறுதேங்காய்போல் சத்தம் வரும் என்று நினைத்தேன். அவ்வளவு சுத்தமாக வரவில்லை. முழங்காலில் எழும்பப் பார்த்தார். இரண்டாவது அடி முகத்தில். உள்ளே சரிந்தவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். விரல்களைச் சவளின் கூரால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். "பாலா" என்றார், இரண்டு முறை. பிறகு கூழ் மூடிக்கொண்டது.

அண்ணை கோபித்துக்கொண்டு கனடாவுக்குப் போய்விட்டார் என்று தவமலரிடம் சொன்னேன். அவள் அழுதாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு நானும் அழுதேன், அது நடிப்பில்லை. பொங்கலன்று மாடுகளுக்கு மாலை போட்டோம். சனம் தாங்கிப் பக்கம் நின்று படம் எடுத்தது.

அடுத்த மழையிலேயே எல்லாவற்றையும் வெளியே விட்டிருக்கலாம். விடவில்லை. ஜனவரி முடியும் வரை பொறுத்தேன். பெப்ரவரி முதலாம் திகதி, மழை இல்லை என்று பார்த்து, பத்து மீற்றர் அளந்து கயிறு கட்டி, தெளிக்கத் தொடங்கினேன். பாதியில் குழாய் அடைத்துக்கொண்டது. பம்ப் திருத்துபவரை நானே போன் பண்ணிக் கூப்பிட்டேன். என் புத்தி அவ்வளவுதான். அவர் இழுத்தெடுத்தது ஒரு ஜக்கெட்டின் கை. அது வெறும் துணியாக இருக்கவில்லை.

மாடுகளை நேற்று லொறியில் ஏற்றிவிட்டார்களாம். மஹதி சொன்னார். லொறியில் அதுகளுக்குத் தண்ணீர் வைத்தார்களா என்று கேட்டேன்.

ஞானேஸ்வரனைக் கொன்றது நான்தான். ஆனால் அதற்குப் பிறகும் மச்சானின் சொல்லை நான் தட்டினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.