எண்பத்து நான்காவது கம்ப்யூட்டர்

காலையில் பல் துலக்கியதும் அன்றைய வேலைகளை நோட்டில் எழுதி, எழுதிய கையோடு ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டுவிடுவது என் வழக்கம். மற்றவர்கள் வேலையை முடித்துவிட்டு டிக் போடுவார்கள். நான் போட்டுவிட்டு முடிப்பேன். பள்ளியில் படிக்கும்போது தொடங்கியது இது. எனக்கு என் மீது நம்பிக்கை குறைவு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். டிக் விழுந்துவிட்டால் அந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நோட்டு பொய் சொன்னதாகிவிடும். இத்தனை வருடத்தில் என் நோட்டு பொய் சொன்னதில்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில் இதிலிருந்துதான் தொடங்குகிறது என்பதால் முதலில் சொல்லிவிட்டேன்.

நான் ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் எண்பத்து நான்கு பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தன. பெட்டி பழசு என்பதல்ல, உள்ளே ஓடிய இயங்குதளம் பழசு. அதைத் தயாரித்தவர்கள், இந்தத் தேதிக்குப் பிறகு இதற்குப் பாதுகாப்பு அப்டேட் கிடையாது என்று அறிவித்துக் கைகழுவிவிட்டார்கள். அதன்பின் அதில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை. எங்கே ஓட்டை என்பது உள்ளே நுழையக் காத்திருப்பவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆகவே எண்பத்து நான்கிலும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார் எங்கள் பிரிவுத் தலைவர்.

“பூட்டை மூணு தடவை இழுத்துப் பாக்கற ஆளு நீதான். உன்ன விட்டா இதுக்கு வேற யாருப்பா?”

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நாளைக்கு நான்கு, சில நாள் ஐந்து என்று வார்டு வார்டாகப் போனேன். என் நோட்டைப் பார்த்துவிட்டு நர்சுகள் எனக்கு டிக் தம்பி என்று பெயர் வைத்தார்கள். அதுவும் பிடித்திருந்தது.

எண்பத்து நான்காவது, இரண்டாம் மாடியில் ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் இருந்தது. அங்கே பதினெட்டு வருடமாக இருந்த நர்சை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளிக்கு ஏற்ற வேண்டிய மருந்து, அது மணிக்கு எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை அவர் அந்தக் கம்ப்யூட்டரில் அடிப்பார். பக்கத்தில் இருக்கும் சின்ன பிரிண்டர் ஒரு லேபிளைத் துப்பும். லேபிளை மருந்துப் பாட்டிலில் ஒட்டுவார். அடுத்த ஷிப்ட்டில் வருகிறவர் லேபிளில் இருப்பதை அப்படியே வைப்பார். அவ்வளவுதான் முறை.

“வாங்க டிக் தம்பி. இது அடிக்கடி படுத்துக்கும், பாத்துக்கங்க. அடிச்சுக்கிட்டே இருப்பேன், பொசுக்குன்னு அணைஞ்சு மறுபடி எந்திரிக்கும். எந்திரிச்சா புதுப் பேருக்குக் கீழ பழைய ஆளோட அளவ வச்சுக்கிட்டு முழிக்கும். அதனாலதான் ஒவ்வொரு லேபிளையும் ரெண்டு தடவை வாய்விட்டுப் படிக்கறேன். பசங்க சிரிக்கறாங்க, மந்திரம் ஓதறேனாம்.”

ஆறாம் கட்டிலில் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் படுத்திருந்தார். வயிற்றில் தையல். நான் பெட்டியைத் திறந்து குனிந்து பார்ப்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

“என்ன தம்பி, அதுக்கும் வயித்துலதான் கோளாறா?”

“இதுக்கு மூளைண்ணே.”

“அப்ப பரவால்ல. மூளை இல்லாம நம்ம ஆளுங்க நெறைய பேரு வண்டியே ஓட்டறாங்க.”

சிரித்தால் தையல் இழுக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரியக்கா அவரை அதட்டிவிட்டு, டாக்டரோடு கட்டில் கட்டிலாகப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த லேபிள் பிரிண்டர் புதிய இயங்குதளத்தோடு பேசாது. எவ்வளவு முயன்றும் வாயைத் திறக்காது. புதுப் பிரிண்டர் வரவழைக்க மூன்று வாரம் ஆகும். கம்ப்யூட்டரை மாற்றினால் வார்டில் லேபிள் இல்லை. மாற்றாவிட்டால் காலையில் போட்ட டிக் பொய்.

எண்பத்து மூன்று என்று போய்ச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அதை யோசித்தேன். படிக்கட்டு வரை போனேன். ஆனால் அன்று மாலை நான்கு மணிக்குப் பிரிவுத் தலைவர் எல்லோரையும் கூப்பிட்டு, முழுதும் முடிந்துவிட்டது என்று அறிவிக்க இருந்தார். டிக் வேறு ஏற்கெனவே விழுந்திருந்தது. மூன்று வாரத்தில் நிஜமாகவே மாற்றத்தான் போகிறேன். அதுவரை நோட்டு கொஞ்சம் முன்னால் ஓடுகிறது, அவ்வளவுதானே என்று எனக்குப் பட்டது. திரும்பி வந்து பெட்டியை மூடினேன். புதிய இயங்குதளத்தில் திரை முழுக்க ஒரு நீலப் படம் வரும். அந்தப் படத்தை மட்டும் எடுத்துப் பழையதன் மேல் போட்டேன்.

பெரியக்கா வந்தார்.

“முடிஞ்சுதா தம்பி? அட, படமெல்லாம் மாறிடுச்சே!”

“முடிஞ்சுதுக்கா.”

“இனிமே படுத்துக்காதுல்ல?”

“படுத்துக்காதுக்கா.”

“அப்பாடா. இனிமே மந்திரம் ஓத வேண்டியதில்ல.”

மாலையில் கைதட்டினார்கள். பிரிவுத் தலைவர் என் தோளில் கை போட்டு, எண்பத்து நாலுக்கு எண்பத்து நாலு என்றார். நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

புதுப் பிரிண்டர் பதினேழாம் நாள், ஒரு திங்கட்கிழமை வந்தது. பிரிக்காமல் என் மேசைக்கடியில் வைத்தேன். வெள்ளிக்கிழமை வார்டில் கூட்டம் குறைவாக இருக்கும், அன்று மாற்றிவிடலாம் என்று எழுதி வைத்தேன். ஏற்கெனவே டிக் போட்ட வேலை என்பதால் இன்னொரு டிக் போடவில்லை.

புதன்கிழமை மாலை, தையல் ஆறாமல் இன்னும் ஆறாம் கட்டிலிலேயே இருந்த பேருந்து ஓட்டுநருக்கு வலி மருந்து ஏற்றினார்கள். மணிக்கு நான்கு மில்லி என்று இறங்க வேண்டியது நாற்பது என்று இறங்கியது. நாற்பது என்பது நான்காம் கட்டிலில் இருந்தவருக்கான வேறொரு மருந்தின் அளவு. லேபிளில் ஓட்டுநர் பெயர் சரியாக இருந்தது. மருந்தின் பெயரும் சரி. அடுத்த ஷிப்ட்டில் வந்த சின்ன நர்ஸ் லேபிளில் இருப்பதை அப்படியே வைத்தாள். ஆறு மணிக்கு, நல்லா தூங்கறார் என்று எழுதியிருக்கிறாள். ஏழு மணிக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி எழுப்பிப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலை, விசாரணைக்காரர்கள் வருமுன் நான் வார்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் தனக்கு நடப்பதையெல்லாம் உள்ளே ஒரு பக்கமாகக் குறித்து வைக்கும். அதைத் திறந்து பார்த்தேன். ஒன்பது நாளாகவே வெளியிலிருந்து ஏதோ ஒன்று உள்ளே புகுந்து உட்கார்ந்திருந்தது. அதன் பாரம் தாங்காமல் பெட்டி முன்னைவிட அடிக்கடி அணைந்திருக்கிறது. புதன் மாலை 4:12க்குத் தானாக அணைந்தது. 4:14க்கு எழுந்தது. 4:15க்கு லேபிள் அடித்தது. மூன்றே வரிகள். படித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு நான் செய்தது என் வேலையைத்தான். மேசைக்கடியிலிருந்து புதுப் பிரிண்டரை எடுத்து வந்தேன். அந்த வரிகள் பதிந்திருந்த பழைய டிஸ்க்கைக் கழற்றினேன். புது டிஸ்க், புது இயங்குதளம், புதுப் பிரிண்டர். நாற்பது நிமிடம் ஆனது. இரண்டு லேபிள் அடித்துப் பார்த்தேன், இரண்டும் சரியாக இருந்தன. பழைய டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் சூடாக இருந்தது. ஆறாம் கட்டிலில் விரிப்பை மாற்றியிருந்தார்கள்.

விசாரணையில் என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டர் மாற்றப்பட்டுவிட்டதா? ஆமாம். எப்போது? நான் நோட்டை நீட்டினேன். மூன்று பேரும் கைமாற்றிப் பார்த்தார்கள். இப்படி ஒருத்தர் எல்லாப் பிரிவிலயும் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும் என்றார் ஒருவர். நான் அந்த அறையில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இதைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து பெரியக்காவைக் கேட்டார்கள். கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டதா என்று கேட்டார்கள் போலிருக்கிறது. கதவு சரியாகச் சாத்தவில்லை, அவர் குரல் கேட்டது.

“அணைஞ்சு எந்திரிச்சுதுதான் சார். ஆனா புது மெஷின் சார், தம்பி மாத்திக் குடுத்துட்டாரு. அது தப்புப் பண்ணாது. நான்தான் படிக்காம ஒட்டிட்டேன்.”

அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

நான் வாரத்தில் மூன்று மாலை, நூலக மாடியில் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு மாதம் கழித்துப் பெரியக்கா அங்கே வந்து சேர்ந்தார். கம்ப்யூட்டரைக் கையாளத் தெரியாதவர் என்று அறிக்கையில் எழுதிவிட்டார்களாம். கற்றுக்கொண்டு வந்தால் மனம் இரங்குவார்கள் என்று அவர் மகள் சேர்த்துவிட்டிருந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் சொல்வதையெல்லாம் குண்டு குண்டு எழுத்தில் எழுதிக்கொள்வார். ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் நின்றார்.

“ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது.”

“கேளுங்கக்கா.”

“நாலுன்னு அடிச்ச ஞாபகம் என் விரல்ல இருக்கு தம்பி. நாம ஒண்ணு அடிச்சா, அது தானா வேற ஒண்ணு எடுத்துக்குமா? புது மெஷின்ல?”

என்னால் முடிந்தவரை யோசித்துத்தான் பதில் சொன்னேன். “புது மெஷின்ல அப்படி நடக்காதுக்கா. நாம குடுக்கறதத்தான் அது எடுத்துக்கும்.”

அது உண்மைதான். புது மெஷினில் நடக்காது.

அவர் தலையாட்டினார். கணக்குக்கு விடை கிடைத்த பிள்ளை மாதிரி நோட்டைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டார். நாம குடுக்கறதத்தான் அது எடுத்துக்கும். கீழே ஒரு கோடு போட்டார்.

டிஸ்க்கை நான் உடைத்துப் போட்டிருக்கலாம். செய்யவில்லை என்பதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் என் மேசை டிராயரில், கைக்குட்டையோடு பத்திரமாக வைத்தேன். மாலை வகுப்பு முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அது கேட்கத் தொடங்கும். மெதுவாக, உள்ளே யாரோ நகத்தால் சுரண்டுவது மாதிரி. டிஸ்க் பழசானால் ஓடும்போது அப்படிச் சத்தம் போடும், தெரியும். ஆனால் இது எதிலும் இணைக்கப்படவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலயேடா. காதுல அழுக்கா இருக்கும், போய்க் குளி.”

குளித்துவிட்டு வந்தேன். நின்றிருந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் தொடங்கியது. ஒரு தடவை அது சுரண்டும் நேரத்தைக் குறித்துப் பார்த்தேன். சரியாக இரண்டு நிமிடம் நிற்கும், பிறகு எழும். 4:12 முதல் 4:14 வரை எவ்வளவோ அவ்வளவு.

போன வாரம் பெரியக்கா வகுப்புக்கு ஒரு கடிதத்தோடு வந்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய நர்ஸ் பதிவைப் பற்றி முடிவெடுக்கிறார்கள். ரத்தானால் வாழ்நாளில் இனி எந்த மருத்துவமனையிலும் நர்சாக வேலை பார்க்க முடியாது.

“சாட்சி, ஆதாரம் ஏதாவது இருந்தா கொண்டு வரலாம்னு போட்டிருக்காங்க தம்பி. என்கிட்ட என்ன இருக்கு? இந்த நோட்டுதான் இருக்கு. இதைக் கொண்டு போகட்டுமா?”

கொண்டு போங்கக்கா என்றேன். அன்று வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

திங்கட்கிழமை காலை எழுந்து பல் துலக்கி, நோட்டைத் திறந்து மூன்று வேலைகள் எழுதினேன். ஒன்று, முடி வெட்டிக்கொள்வது. இரண்டு, அம்மாவின் கண்ணாடிக்கு ஃபிரேம் மாற்றுவது. மூன்று, பத்து மணிக்குப் போய் டிஸ்க்கைக் கொடுத்து நடந்ததைச் சொல்வது. மூன்றுக்கும் டிக் போட்டேன். போட்டதும் மனசு லேசாகிவிட்டது. நீண்ட நாளுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. முடிதிருத்தும் கடையில் கூட்டம், என் முறை வர நேரமாகிவிட்டது. கண்ணாடிக் கடைக்காரர் பன்னிரண்டு மணி வரை ஃபிரேமைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அம்மாவுக்கு அது பொருத்தமாக இருக்கிறது.

இன்று வியாழன். பெரியக்கா வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் பதிவை ரத்து செய்துவிட்டதாக வகுப்பில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு இது விளங்கவே இல்லை. நோட்டை மூன்று முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். திங்கட்கிழமை, மூன்றாவது வரி, டிக் இருக்கிறது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன். அப்படியிருக்க, இந்த டிராயருக்குள் இன்னும் எது சுரண்டுகிறது என்பதை நீங்கள்தான் வந்து திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.