தகட்டுக்கு அடியில் இருந்த சீட்டு

எனக்குக் கை சுத்தம் முக்கியம், இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்கள் கொடுத்த காபிக் கோப்பையைத் துடைத்துவிட்டுத்தான் குடித்தேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ளும் பழைய ராணுவத் துப்பாக்கிகள் என்னிடம் முப்பத்தொன்று இருக்கின்றன. ஒன்றின் மரக்கட்டையைக்கூட நான் இழைத்ததில்லை. கீறலும் கறையும் அதைச் சுமந்தவனுடையவை. எங்கள் சுவிஸ் சிப்பாய்கள் கட்டையின் பின்தகட்டைக் கழற்றி, பெயரும் ஊரும் எழுதிய சீட்டை உள்ளே வைப்பார்கள். மாமனார் கஸ்பாரும் வைத்திருந்தார். அவர் போனபின் அந்தத் துப்பாக்கி என் மச்சினன் உர்ஸுக்குப் போயிற்று. எனக்குத்தான் வரும் என்றிருந்தேன். அதில் வருத்தமொன்றுமில்லை.

சனிக்கிழமை உர்ஸ் தன் நிலவறைக்குக் கூப்பிட்டான். அந்தத் துப்பாக்கியின் கட்டையை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடித்திருந்தான். பாகில் தோய்த்த பலகாரம்போல் மினுக்கியது. மரத்தூள் அப்பிய விரல்களாலேயே சாசேஜ் தின்றுகொண்டிருந்தான். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"என்ன அத்தான், எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க? குழலையும் ஒரு சாண் வெட்டிட்டா வேட்டைக்குக் கச்சிதமா இருக்கும்."

"அது உங்கப்பா வேர்வைடா."

"அதுக்குன்னு மோந்துக்கிட்டேவா இருக்க முடியும்?"

சிரித்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். "கோட்டு... மாத்திரை கோட்டுல..."

ஆணியில் கோட்டு இல்லை. தூசு படியுமே என்று நான்தான் மாடியில் மாட்டியிருந்தேன். இந்த மூன்று மாதமாக, அங்கே போகும்போதெல்லாம் அப்படித்தான் செய்துவந்தேன்.

வார்னிஷ் காய்ந்தால் மரம் பாழ். முதலில் அதைத் துடைத்தெடுத்தேன். பிறகு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கை சூடேறத் தேய்த்தேன். முனகல் அடங்க முக்கால் மணி நேரமாயிற்று. அந்தக் கையோடு படியேறிக் கதவைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

அப்படிப் பாழாக்கியவனை வேறென்ன செய்வது? அந்த அருவருப்பு இல்லாவிட்டால் நான் எறும்பைக்கூட மிதிக்காதவன்.

தகட்டைக் கழற்றிச் சீட்டைப் பார்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது. கஸ்பார் பெயருக்குக் கீழே இருப்பது என் பெயர்தான். தேதி போடாமல் நாங்கள் எழுதுவதில்லை. ஆமாம், அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. உர்ஸ் அப்போது உப்புத்தாளே வாங்கியிருக்கவில்லை.