வீக்கம் வற்றினால்

உங்கள் அறையின் மின்விசிறி சுற்றும்போது கடகடவென்று சத்தம் வருகிறது. பேரிங் தேய்ந்திருக்கிறது. என் மச்சான் பார்த்திருந்தால் டீ ஆறுவதற்குள் சரிசெய்து கொடுத்திருப்பார். "இதுக்குப் போயி புதுசு வாங்குவாங்களா?" என்று உங்களுக்கு நாலு வார்த்தை உபதேசமும் செய்திருப்பார்.

அவரைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், தெரியும். அதற்கு முன்னால் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் என்னைத் தவறாக எடுத்துக்கொள்வீர்கள்.

சாணைக்கல் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன் நான். இரும்பைத் தேய்க்க இயந்திரத்தில் மாட்டுவார்களே, வட்டமான கல், அதுதான். ஒவ்வொரு கல்லையும் விரலில் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டிக் கேட்பேன். கணீரென்றால் நல்ல கல். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். விரிசல் கல்லை ஓரமாக எடுத்து வைக்கக் கூடாது. அந்த இடத்திலேயே இரும்புச் சுத்தியலால் உடைத்துவிட வேண்டும். ஒருமுறை ஒருவர், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கல்லை அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். வேறொருவர் அது நல்ல கல் என்று நினைத்து எடுத்து மாட்டினார். வேகம் பிடித்ததும் கல் வெடித்தது. மாட்டியவரின் தாடையில் பாதியைச் சுவரோரமாகத் தேடி எடுத்தோம். அதற்குப் பிறகு எனக்கு அந்த விதியில் சந்தேகம் வந்ததில்லை.

போன மழைக்காலத்தில் என் மனைவி இறந்தாள். ஸ்கூட்டர் சறுக்கியது. தலையில் அடி. நான் விவரிக்க விரும்பவில்லை.

நாய் அவளுடையது. மூட்டை என்று பெயர் வைத்திருந்தாள். போட்ட இடத்தில் கிடக்குமாம், அதனால். அவள் போன பிறகு அது கிடக்கவில்லை. அவள் ஸ்கூட்டரைப் போல எந்த வண்டி ஒலித்தாலும் தெருவுக்கு ஓடியது. ஒரு காலையில் நான் வாசல் கதவைச் சாத்தாமல் விட்டேன். ஓடியது. பின்னால் வந்த சரக்கு வண்டி அதன் இடுப்பில் ஏறியது.

போர்வையில் சுருட்டிக் கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இடுப்பெலும்பு விட்டிருக்கு. முதுகெலும்பு உடையல, ஆனா நரம்பைச் சுத்தி வீக்கம். வீக்கம் வத்தினா கால் வரலாம். வராமலும் போகலாம். இப்ப அதுக்கு வலி அதிகம். ஊசி போட்டா ஒரேயடியாத் தூங்கிடும். நீங்கதான் சொல்லணும்."

"போட்டுடுங்க," என்றேன்.

நான் யோசிக்கவே இல்லை என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கலாம். யோசிப்பது வேறு, தள்ளிப்போடுவது வேறு. அவர் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். மோட்டாரும் மின்விசிறியும் பழுது பார்ப்பவர். கையில் கிரீஸ், காதில் பென்சில். யாரோ தெருவில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஊசி போட்டாச்சா மாப்ள?"

"இனிமேத்தான் மச்சான்."

"அப்ப நிறுத்து." நாயின் மேல் கையை வைத்துக்கொண்டார். "டாக்டரம்மா, மோட்டாரு எரிஞ்சு போனாத்தான் செத்தது. மத்ததெல்லாம் தூங்குது. என் கடைக்கு வந்து பாருங்க, எத்தனை பேரு தூங்குறாங்கன்னு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

"வலியில துடிக்குது மச்சான். பாவம் இல்லையா?"

"பாவம்தான். அதுக்காகக் கொல்லுவியா? அவ வளத்தது மாப்ள. நான் பாத்துக்கறேன். உனக்கு ஒரு வேலையும் வைக்க மாட்டேன்."

போர்வையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் தடுக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி கிடந்த மருத்துவமனையைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இருந்தாலும் சொல்கிறேன். பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் தாழ்வாரத்துக்கு அழைத்தார். மூளையில் வீக்கம், வற்றினால் நினைவு வரலாம், ஆனால் நம்பிக்கை குறைவு, மூச்சு இயந்திரத்தை எடுப்பதா வேண்டாமா என்று கணவர்தான் சொல்ல வேண்டும் என்றார். மச்சான் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு ஒரு நாள் பாக்கலாம் மாப்ள. அவ சின்னதுலேர்ந்தே லேட்டாத்தான் எந்திரிப்பா. எங்கம்மா தண்ணி தெளிச்சாக்கூட எந்திரிக்க மாட்டா."

உள்ளே போய் அவளைப் பார்த்தேன். முகம் ஊதியிருந்தது. குழாய் வழியே மார்பு ஏறி இறங்கியது. அது அவள் மூச்சு இல்லை. வெளியே வந்து, எடுத்துவிடுங்கள் என்றேன். மச்சான் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான் சாப்பிட்டேனா என்று மட்டும் தினமும் போன் செய்து கேட்பார்.

நாயைப் பார்க்க அவ்வப்போது கடைக்குப் போனேன். மின்விசிறி வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய சேலையை விரித்துக் கிடத்தியிருந்தார். முதலில் எல்லாம் நான் நினைத்தபடியே இருந்தது. இருந்த இடத்திலேயே மூத்திரம் போனது. தொடையில் புண் வைத்துச் சீழ் பிடித்தது. மச்சான் மாட்டுக்காரனைப் போலத் துடைத்துக்கொண்டே, "மகாராணிக்குப் படுக்கையிலேயே எல்லாம் நடக்கணும்," என்று அதைக் கிண்டல் செய்வார். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, நட நட என்பார். பின்னங்கால்கள் தரையில் இழுபட்டன. வீடு திரும்பும்போது எனக்கு மனம் அமைதியாக இருக்கும். அன்றெல்லாம் நன்றாகத் தூங்கினேன்.

ஒருநாள் மதியம் வேலையிடத்துக்குப் போன் வந்தது. "மாப்ள, எங்க இருந்தாலும் வா. வந்து பாரு. அந்த ஆடுற சுத்தியலையும் எடுத்துட்டு வா, ஆப்பு அடிச்சுத் தரேன்."

கல் உடைக்கும் சுத்தியலின் பிடி ஆடுகிறது என்று முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். அதை அவர்தான் கொண்டுவரச் சொன்னார். திட்டமிட்டு எடுத்துப் போனதாக எழுதாதீர்கள்.

கடைக்குள் நுழைந்ததும் துண்டைத் தளர்த்தினார். நாய் நின்றது. நடுங்கியது, சரிந்தது, மறுபடி நின்றது. பிறகு கடையின் அந்தக் கோடியிலிருந்து என்னை நோக்கி நடந்து வந்தது. கோணல் நடைதான். ஆனால் கால்கள் தரையை மிதித்தன. வால் ஆடியது. மச்சான் அழுதுகொண்டே சிரித்தார்.

"பாத்தியா மாப்ள! வீக்கம் வத்திருச்சு. நான்தான் அப்பவே சொன்னேனே, ஒரு நாள் பொறுத்திருந்தா..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். முகம் மாறிவிட்டது. "டேய், நான் அதைச் சொல்லலடா. சத்தியமா நாயைத்தான் சொன்னேன்."

நல்ல மனிதர். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார். விழுங்கியதுதான் எனக்குக் கேட்டது. கல்லைத் தட்டியே பழகியவனுக்கு அது கேட்கும்.

ஷட்டரை இறக்கினேன்.

"ஆமா, இறக்கு. வெயில்ல தரை சுடுது, இது கால் பொத்துப்போகும்," என்றார்.

நாயருகே வந்து துண்டை அவிழ்க்கக் குனிந்திருந்தார். காதுக்கு மேலே அடித்தேன். முழங்கால் மடங்கி உட்கார்ந்தார். "மாப்ள," என்று கூப்பிட்டார். கத்தவில்லை. ஏதோ கை தவறிப் பட்டுவிட்டது, நான் பதறிவிடுவேன் என்று சமாதானம் சொல்பவரைப் போலக் கூப்பிட்டார். அடுத்த அடிக்குக் கையைத் தூக்கினார், மணிக்கட்டு உடைந்தது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஓடப் பார்க்கவில்லை. நாயை இழுத்துத் தன் வயிற்றுக்கடியில் போட்டுக் கவிழ்ந்துகொண்டார். முதுகிலும் பின்மண்டையிலும் அடிக்க வேண்டியிருந்தது. பிடி ஆடியதால் அடி சரியாக விழவில்லை. அத்தனை அடிகள் எதற்கு என்று கேட்டீர்கள். கோபத்தில் இல்லை, அந்தப் பிடியால்தான்.

முதல் வாக்குமூலத்தில், நாயை அடிக்கும்போது அவர் குறுக்கே வந்தார் என்று சொன்னேன். அது சரியில்லை. முதலில் அவரைத்தான்.

நாய் அவருக்கடியிலிருந்து தானாகவே ஊர்ந்து வெளியே வந்தது. அதன் மேலெல்லாம் அவருடைய ரத்தம். பயந்து ஓடும் என்று நினைத்தேன். என் காலடிக்கு வந்து செருப்பை நக்கியது. வாலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு ஒரே அடி. வலி தெரிந்திருக்காது. டாக்டரம்மாவின் ஊசிகூட இவ்வளவு சீக்கிரம் வேலை செய்திருக்காது.

மச்சானுக்கு மூச்சு இருந்தது. மூக்கில் ரத்தக்குமிழி வந்து வந்து உடைந்தது. அப்போதே ஆம்புலன்சைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்கிறீர்கள். பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உடையாத கையை. குமிழி நின்ற பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

அவர் மேல் எனக்குப் பகை கிடையாது. என் தங்கை போனாலும் நீ என் மாப்பிள்ளைதான் என்று சொன்னவர். நாய் வலியில் இருந்தது, நடந்ததாலேயே வலி இல்லை என்று ஆகிவிடாது. அதைத் தூங்கவைக்க வேண்டியிருந்தது. அவர் விட்டிருக்க மாட்டார். அவ்வளவுதான்.

நாய்க்கு வீக்கம் வற்றியது என்பதற்காக எல்லோருக்கும் வற்றும் என்று அர்த்தமில்லை. அவளுக்கு வற்றியிருக்காது. அவள் எழுந்திருக்க மாட்டாள். நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அப்படி இல்லை என்று மறுத்துச் சொல்ல இப்போது ஆள் கிடையாது.