இறுகாத சுண்ணாம்பை அறிந்தவருக்கு

கல்லும் சுண்ணாம்பும் கணக்கும் கைவரப்பெற்ற யூஜினி அம்மையாரே! எங்கள் கல்வேலைப் பட்டறையில் பதினொரு ஆண்டுகள் வரைபடம் வரைந்தவரே! வணக்கம்.

கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால்தான் ஐரோப்பியர் வளைவு கட்டினார்கள் என்பீர்கள். அரைவட்ட வளைவு சுவரை வெளியே தள்ள, சுவரைத் தடிப்பாக்கினார்கள். பின்னர் வளைவைக் கூராக்கி, வெளியே முட்டுத்தூண் கொடுத்து, மெலிந்த சுவரில் கண்ணாடிக்கு இடம் கண்டார்கள். தேநீர் வேளையில் நீங்கள் சொன்ன இவற்றை நாங்கள் பாதிக் காதால்தான் கேட்டோம்.

1994 செப்ரெம்பரில், இங்கே ரொறன்ரோவில், பழைய தேவாலயம் ஒன்றின் வாசல் வளைவை அந்த முறையிலேயே திருப்பிக் கட்டினோம். மேலே கல், இடையில் சுண்ணாம்புச் சாந்து, கீழே தாங்க மரச்சட்டம், அதற்கடியில் ஆப்புகள். சாந்து இறுகியபின் ஆப்புகளைக் கழற்றிச் சட்டத்தை இறக்க வேண்டும். அதற்கான நாட்களைக் கணக்கிட்டவர் எங்கள் மேசன் நீக்கிலாஸ். அந்தக் கணக்கு யாழ்ப்பாணத்து வெயிலுக்குரியது.

ஒக்டோபரில் ஒரு நாள், எங்களில் ஒருவரான கிறிஸ்துநாயகம் சட்டத்தின் கீழே நின்று முதல் ஆப்பைத் தட்டிக் கழற்றினார். தலைக்கு மேலே ஏதோ நெரிந்தது. கழுத்தில் ஈரமாக விழுந்ததைத் தொட்டுப் பார்த்தார். சாந்து. அடுத்த ஆப்புக்குச் சுத்தியலை ஓங்கியிருந்தார்.

வரைபடத்தோடு வந்த நீங்கள் கொண்டையூசியை உருவிக் கல்லிடுக்கில் குத்தினீர்கள். அது முழுதாக உள்ளே போனது.

“கிறிஸ்து, கையை எடும். ஒண்டையும் தட்டாதையும்.”

“இருவத்தெட்டு நாளாச்சக்கா,” என்றார் நீக்கிலாஸ். “ஊரில எண்டா இதுக்குள்ள கல்லாப் போயிருக்கும்.”

“நீர் மூண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிக்கிறீர். உந்தச் சாந்துக்கு ஊர் வெயில் எங்கால வரும்?”

“அப்ப நான் ஓடட்டே அக்கா?” சுத்தியலைத் தாழ்த்திக் கேட்டார் கிறிஸ்துநாயகம்.

“ஓடாதையும். சட்டத்தில முட்டாமல் மெல்ல வாரும்.”

வெளியே வர நான்கே எட்டு வைக்க வேண்டும். மூன்றாம் எட்டில் மேலே மறுபடி நெரிந்தது. அவர் நிற்கவில்லை; உங்கள் முகத்தையே பார்த்து நடந்தார். வெளியே வந்ததும் புல்லில் இருந்துவிட்டார்.

மீதி ஆப்புகளில் சட்டம் நின்றது. நீங்கள் காட்டிய இடங்களில், பக்கச்சுவர் சரியாதபடி மரங்களை முட்டுக்கொடுத்தோம். பனி படாமல் வளைவைப் போர்த்தினோம். நத்தார் பண்டிகைக்கு வாசலைத் திறக்கச் சொல்லிப் பாதிரியார் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் மறுத்தீர்கள். மே மாதம் சட்டம் இறங்கியது. வளைவு அசையவில்லை.

வளைவைப் பலரும் வந்து பார்த்தார்கள். நாங்கள் நினைப்பது வேறொன்றை. அந்த ஒக்டோபர் மாலை கிறிஸ்துநாயகம் பஸ் ஏறி மல்வேர்னில் உள்ள வீட்டுக்குப் போனார். பிந்தி வந்ததற்கு மனைவி மக்டலீன் வாசலிலேயே ஏசினார். அந்த ஏச்சைக் கேட்க வீட்டுக்கு ஓர் ஆள் வந்து சேர்ந்தார், உங்களால்.

ஓய்வு பெற்று விட்பி நகரில் மகளோடு வாழப்போகும் அம்மையாரே! உடல் நலத்தோடு நெடுநாள் இருங்கள். நீங்கள் ஏசவும் உங்களை ஏசவும் வீடு நிறைய ஆட்கள் இருக்கட்டும்.

பட்டறை ஊழியர்கள்
ரொறன்ரோ, ஜூன் 1997