சுண்டுவிரல் மை

உக்காருங்க டிரைவரே, நீங்க நிக்கிறதப் பாத்தா நான் என்னமோ உங்கள வெரட்டுற மாதிரி இருக்கு. தெரியும், ஐஸ் உருகிடும்ங்கிறீங்க. உருகாது, நானே பாத்துப் பாத்து அடுக்கியிருக்கேன். ஃபாரத்துல ரெண்டு கட்டம் காலியா இருக்கு, அதான வாங்க மாட்டேங்கிறீங்க? சரிதான். இப்படியே கொண்டுபோனா லேப்ல உங்களத்தான் திட்டுவாங்க. எழுதித் தரேன். எழுதறதுக்குத்தான் உக்காந்திருக்கேன், கை வரமாட்டேங்குது.

பெட்டியில என்ன இருக்குன்னு யாரும் சொல்லலையா? மலம், டிரைவரே. ரெண்டரை வயசுப் பொண்ணோடது. நேத்து ஒரு டப்பா, இன்னைக்கு ஒரு டப்பா. அட, மூஞ்சியச் சுளிக்காதீங்க. முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல என் கையில வந்ததுலயே சுத்தமான சாமான் இதுதான். இது பொய் சொல்லாது.

உள்ள மூணாவது கட்டில்ல இருக்கா. ரெண்டு நாள் காய்ச்சல் அடிச்சுது. மூணாம் நாள் காலையில எழுந்து நின்னா, இடது கால் நிக்கல, அப்படியே மடங்கிடுச்சு. போலியோவா இருக்கலாம். வேற ஏதாவதாவும் இருக்கலாம், கால் இப்படி விழறதுக்கு வேற காரணமும் உண்டு. அத லேப் சொல்லும். என்கிட்ட ஃபாரம் கேக்குறது வேற. குழந்தை இதுவரைக்கும் எத்தனை தடவ சொட்டு மருந்து குடிச்சிருக்கு? அந்தக் கட்டம்தான் முதல் காலி.

ஆமா, நீங்களும் பாத்துட்டீங்களா அவ கைய? இடது சுண்டுவிரல், நகத்தோரமா இன்னும் கொஞ்சம் மை ஒட்டிக்கிட்டிருக்கு. போன மாசம் வீடு வீடாப் போயி சொட்டு போட்டாங்கல்ல, அதுக்கு அடையாளம். அப்ப மருந்து குடிச்ச பிள்ளைக்கு எப்படி இப்படின்னு கேக்குறீங்க. பாருங்க, வண்டி ஓட்டுற நீங்க கேக்குறீங்க. எங்க ஹெல்த் டைரக்டர் கேக்கல.

கள்ள ஓட்டு கேள்விப்பட்டிருப்பீங்க. இது கள்ள மை. விரல்ல மை ஏறியிருக்கு, வாயில மருந்து எறங்கல.

சீ. மீட்டிங்ல டைரக்டர் சொல்றார், மறுப்பு வீடுங்கிற லிஸ்ட் எனக்கு வெறும் தாளா வரணும், நூத்துக்கு நூறு காட்டணும், மந்திரி மேடையில அறிவிக்கப் போறார்னு. மறுப்பு வீடுன்னா, எங்க பிள்ளைக்கு வேணாம்னு கதவச் சாத்துற வீடு. எனக்கு முன்னாடி இருந்த டாக்டரம்மா ஒருதடவ உண்மைய எழுதினாங்க, தொண்ணூத்தாறுன்னு. இப்ப அவங்க மருந்துக் கிடங்குல அட்டப்பெட்டி எண்ணிக்கிட்டிருக்காங்க. அன்னைக்கு டைரக்டர் பேசி முடிச்சதும் ஹால்ல எல்லாரும் கை தட்டுனோம். ஆமா, நானும்தான்.

மந்திரி வந்தார். ஒரு குழந்தைய மடியில வச்சு போட்டோ. அது வாயத் தொறக்கவே இல்ல, சொட்டு கன்னத்துல வழிஞ்சு சட்டையில விழுந்துச்சு. போட்டோ நல்லா வந்துருச்சுன்னு எழுந்து போயிட்டாங்க. அந்தக் குழந்தைக்கு அப்புறம் நான்தான் தேடிப்போயி போட்டேன். அதச் சொல்லிக்கலாம் நான். அது ஒண்ணுதான் சொல்லிக்கலாம்.

இந்தப் பக்கம் இவங்கன்னா, அந்தப் பக்கம் மைக்கு. மைக்கத் தெரியாதா? நீங்க ஊருக்குப் புதுசுல்ல. வர்ற வழியில வளைவுல ஒரு பேனர், கைய ஓங்கிக்கிட்டு நிக்கிறாரே, அவர்தான். எதிர்க்கட்சி ஆளு. பேரு என்னவோ, ஊருக்கு மைக்குதான். கல்யாண வீட்டுல சாம்பார் இன்னும் கொஞ்சம் வேணுமான்னுகூட மைக்குலதான் கேப்பார். அவர் கட்சி ஆட்சியில இருந்தப்போ இதே மருந்து, இதே குப்பி, அவரே வந்து ரிப்பன் வெட்டி ஆரம்பிச்சு வச்சார். ஆட்சி போச்சா, அது விஷமாயிடுச்சு. குடிச்ச பிள்ளைக்கு நாளைக்குப் பிள்ள பொறக்காதாம். இவரு பெத்த அஞ்சும் குடிச்சு வளந்ததுங்க, அதுல ரெண்டுக்குப் பிள்ளையும் பொறந்தாச்சு! மேடையில கைய ஓங்குறப்போ சட்டக்கை மேல ஏறும். மேல்கையில ரெண்டு வட்டத் தழும்பு, சின்ன வயசுல பெரியம்மைக்குக் குத்துனது. தடுப்பூசி போட்ட கையத் தூக்கித்தான் தடுப்பூசி வேணாம்னு கத்துறார். கீழ நிக்கிறவன் ஒருத்தன்கூட அதப் பாக்கல.

கோவமெல்லாம் போச்சு டிரைவரே. அருவருப்புதான். சாக்கடையில கைய விட்டுட்டு எவ்வளவு சோப்பு போட்டாலும் நாத்தம் போகாது பாருங்க, அந்த மாதிரி.

இருங்க, போன் மறுபடியும் அடிக்குது. மைக்குதான். காலையிலருந்து பதினோராவது தடவ. எடுக்க மாட்டேன், என்ன சொல்வார்னு தெரியும். ஏழுன்னு எழுதுங்கன்னுவார். அந்தக் குழந்தைக்கு ஏழு ரவுண்டு மை ஏறியிருக்குல்ல. ஏழு தடவ குடிச்சும் கால் விழுந்துச்சு பாருங்கடான்னு மேடையில பேசலாம். டைரக்டரும் ராத்திரி கூப்பிட்டுட்டார், அவருக்கும் ஏழுதான் வேணும். நூத்துக்கு நூறு நூறாவே நிக்கும்ல. ரெண்டு பக்கமும் ஜென்மத்துல ஒத்துப்போன ஒரே விஷயம் இந்த ஏழு!

எழுதினா என்ன ஆகும்னா? அடுத்த ரவுண்டுக்கு ஒரு வீட்டுலயும் கதவு தொறக்க மாட்டாங்க. பழி மருந்து மேல விழும். அப்புறம் நீங்க வாரத்துக்கு ஒரு பெட்டி தூக்கிக்கிட்டு ஓடணும்.

ஒரு தடவகூட குடிக்கல, முட்டன்னு எழுதினா? மை போட்டது யாருன்னு கேப்பாங்க.

நர்ஸ் மேல சந்தேகப்படாதீங்க. பாவம், வெயில்ல நூறு வீடு ஏறி எறங்குறவ. அவ மருந்துப் பெட்டியோட அந்த வீட்டு வாசல்ல நின்னா. உள்ள சோபாவுல மைக்கு, எதிர்ல நான். ஒரு சொட்டு பட்டுச்சுன்னாலும் உங்க பொண்ண நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்கன்னு என்கிட்ட சொல்லிட்டார். பிள்ளையோட அம்மா நிமிந்து ஒரு பார்வ பாத்தா. வேணாம்ப்பா, இங்க நான் இருந்தாகணும்னு. வாசலுக்குப் போயி நர்ஸ் கையிலருந்து பேனாவ வாங்குனேன். குழந்தையோட விரலப் புடிச்சு நான்தான் போட்டேன். விரல் கூசிச் சிரிச்சா. போகப்போக ஒவ்வொரு ரவுண்டுக்கும் அவளே விரல நீட்டுனா.

ஏழு தடவ. டாக்டரே அந்த வீட்டுல அப்படிப் போடுறப்போ, நமக்கென்ன தலையெழுத்து கதவுக்குக் கதவு சண்ட போடணும்னு நர்ஸுங்களும் கத்துக்கிட்டாங்க. இப்ப எத்தன விரல்ல மருந்து இல்லாத மை இருக்குன்னு எனக்கே தெரியாது. மந்திரியத் திட்டுனேன், மைக்கத் திட்டுனேன், டைரக்டரத் திட்டுனேன். பேனா என்னவோ என் கையிலதான் இருந்துச்சு. த்தூ.

உங்க பேனாவக் குடுங்க. இந்தாங்க, முதல் கட்டம், முட்ட. நல்லா வட்டமாவே போட்டிருக்கேன், ஏழா மாத்த முடியாது. பக்கத்துலயே எழுதிட்டேன், மை மட்டும், என்னால. கையெழுத்தும் போட்டாச்சு.

ரெண்டாவதா? தகவல் தருபவர், குழந்தைக்கு என்ன உறவு. தாத்தா. எந்தத் தாத்தான்னு லேப்ல கேப்பாங்களோ? அம்மாவப் பெத்தவர்னு சேத்துடறேன். போதுமா?

கெளம்புங்க. மூடிய அழுத்தி மூடுங்க, பெட்டி சாயாமப் பாத்துக்குங்க, அந்த வளைவுல ரோடு மோசம். நான் இந்த போன எடுத்துடறேன், விட மாட்டார் போலிருக்கு.

ஹலோ. சொல்லுங்க சம்பந்தி. ம், எழுதியாச்சு. இல்ல, ஏழு இல்ல.