சோலார் மேல் போர்த்திய முந்தானை

பூவத்திலிருந்து காரைக்கால் வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் மீன் விற்றுத் திரும்பும் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"முந்தானைய மடிச்சு சோலார் மேல போத்துனேன்க்கா. சின்ன லைட்டு அணைஞ்சிச்சு. எடுத்தேன், எரிஞ்சிச்சு. அப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு."

"எந்த லைட்டுடி?"

"கடக்கரையில ஃபாரஸ்ட்காரங்க ஆமை முட்டைக்கு வேலி போட்டு எங்க வூட்டுக்காரர காவலுக்கு வச்சிருக்காங்கள்ல? முட்டை காணாம போவுதுன்னு அங்க ஒரு கேமரா கட்டுனாங்க. எது அசைஞ்சாலும் தானா படம் எடுக்கும். சோலார்லதான் சார்ஜ் ஏறணும், ஏறுனா அந்த சின்ன லைட்டு எரியும். ஆனா பொழுது சாஞ்சா நின்னு போவுது. இவருதான் நிறுத்திட்டு முட்டைய விக்கிறாருன்னு ஊரே பேசிச்சு. மனுசன் வெளியில தல காட்டல."

"அடப்பாவமே!"

"சோலாரு நல்லாத்தான் இருக்குன்னு தெரிஞ்சதும் அங்கயே ஒக்காந்து பாத்தேன். மத்தியானத்துக்கு மேல சவுக்கு மரத்து நெழல் அதுமேல விழுந்திச்சு, லைட்டு அணைஞ்சு போச்சு. ஃபாரஸ்ட் ஆபீசர் சார கூட்டியாந்து காட்டுனேன். வெயில் படுற எடமா பாத்து மாத்திக் கட்டுனாரு. மறுநா காலையில படம் விழுந்திருச்சு."

"யாருடி திருடன்?"

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்க வூட்டு நாய்க்கா! இவரு பின்னாடியே போயி, இவரு அந்தாண்ட நடக்குறப்ப உள்ள பூந்து தோண்டியிருக்கு."

"அவரு என்ன சொன்னாரு?"

"'எங்க நாய்தாங்க சார், கட்டிப் போட்டுடுறேன்'னாரு. சொல்லும்போதே சிரிக்கிறாரு, கண்ணுல தண்ணியா ஊத்துது."