கால் இருந்த இடம்

என் பெயர் குவகிசா ம்வைபோபோ. வயது 49. தகப்பனார் பெயர் அன்யிமிகே. டுகுயு நகரில் சந்தைக்குப் பின்புறம் மனைவி தூசெகிலேயுடன் குடியிருந்து வருகிறேன். இருபத்திரண்டு வருடமாக டுகுயுவுக்கும் ம்பேயாவுக்கும் இடையே மினி பஸ் ஓட்டி வந்தேன். டுகுயு பஸ் நிலையத்தில் என் வண்டியால் நேர்ந்த விபத்து குறித்துப் போலீசாரிடம் இந்த வாக்குமூலத்தைத் தருகிறேன்.

விபத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பிருந்தே என் உள்ளங்கால்களில் எறும்பு ஊர்வது போல் இருந்தது. அதன் பிறகு எரிச்சல் வந்தது. பிறகு எரிச்சலும் நின்றுவிடவே, குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். செருப்பு கழன்று போனதை இரண்டு முறை மனைவி சொல்லித்தான் அறிந்தேன். "ஆஸ்பத்திரிக்குப் போய்யா, கால் ரெண்டும் கட்டையாட்டம் இருக்கு" என்றாள். லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து நான் போகவில்லை. இதை யாரும் கேட்காமல் நானே சொல்கிறேன்.

இம்மாதம் மூன்றாம் தேதி காலை சுமார் பத்து மணிக்குப் பதினான்கு பயணிகளுடன் டுகுயு பஸ் நிலையத்துக்குள் திரும்பினேன். வாசலருகே வாழைக்காய் சுட்டு விற்கும் சுபிலகா என்ற பெண்மணி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தார். நான் பிரேக்கை மிதித்தேன். மிதித்ததாகவே நம்பினேன். வண்டி சீறிப் பாயவே குனிந்து பார்த்தேன். என் கால் ஆக்ஸிலேட்டர் மேல் இருந்தது. உடனே ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அதற்குள் வண்டி மேசையையும் அடுப்பையும் சாய்த்துவிட்டது. சுபிலகா விழுந்ததில் அவருக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. பயணிகளுக்குக் காயமில்லை.

அதன் பிறகு அங்கிருந்தவர்கள் என்னை இறக்கினார்கள். நான் தள்ளாடியதைப் பார்த்து, "காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்திருக்கான், நடையப் பாரு!" என்று கத்தினார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். அப்போது தரையில் உட்கார்ந்திருந்த சுபிலகா, "அவன விடுங்கப்பா, அவன் கால்ல நெருப்பு கெடக்கு" என்றார். செருப்பு கழன்றது தெரியாமல், அடுப்பிலிருந்து சிதறிய கங்கு ஒன்றின்மேல் நான் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன். வலிக்கவில்லை. வாடை மட்டும் தெரிந்தது.

அதன் பிறகு அவர் என்னைத் தன் எதிரே உட்கார வைத்தார். "டிரைவர் தம்பி, கண்ண மூடு. எந்த வெரலத் தொடுறேன், சொல்லு" என்றார். நான் மூடிக்கொண்டு காத்திருந்தேன். "தொடுங்கக்கா" என்றேன். "அஞ்சையும் தொட்டு முடிச்சிட்டேன்டா" என்றார். சட்டையைப் பிடித்தவர் கையை எடுத்துவிட்டார். தன் கணவருக்கும் சர்க்கரை நோயால் இப்படித்தான் நரம்பு கெட்டது என்றும், விவரம் தெரிவதற்குள் காலை எடுக்க வேண்டியதாயிற்று என்றும் அவர் கூறினார்.

அதன் பிறகு எங்கள் இருவரையும் ஒரே வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். நான் மது அருந்தவில்லை என்று சோதனையில் தெரிந்தது. சர்க்கரை மிக அதிகமாக இருந்தது. டாக்டர் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "போன உணர்ச்சி முழுசா திரும்பும்னு சொல்ல மாட்டேன். ஆனா காலக் காப்பாத்திரலாம். நேரத்தோட வந்துட்டீங்க" என்றார். தற்போது சர்க்கரை இறங்கியுள்ளது, புண்ணும் ஆறி வருகிறது. தினமும் மனைவி என் காலை மடியில் வைத்து விரலிடுக்கு வரை பார்க்கிறாள்.

லைசென்ஸை நானே ஒப்படைத்துவிட்டேன். நேற்று சுபிலகா மாவுக்கட்டோடு பஸ் நிலையத்துக்கு வந்து, டிரைவர்கள் எல்லோரையும் ஷூவைக் கழற்றச் சொன்னார். "அக்கா, சாக்ஸ் நாத்தம் தாங்க மாட்டீங்க" என்று ஒருவர் சிரித்தார். "உன் வண்டிப் புகையையே தாங்குறேன், கழட்டுடா" என்றார். பத்தொன்பது பேரில் இருவருக்கு அவர் தொட்டது தெரியவில்லை.

வண்டி ஓட்டும் நிலையில் என் கால்கள் இல்லை என்று அறியக்கூடியவனாக இருந்தும் ஓட்டியது என் குற்றம். ஒப்புக்கொள்கிறேன். குடித்திருந்ததாகச் சொல்வது பொய். அந்த இரண்டு டிரைவர்களும் வெளியே காத்திருக்கிறார்கள். கையெழுத்திட்டதும் அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போக அனுமதி கேட்கிறேன். வண்டியை வேறொருவர் ஓட்டுவார்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் இதுவே.

(ஒப்பம்) குவகிசா ம்வைபோபோ